கெண்டைக்கால் வலியும் ஓட்டமும்

ஓட்டம் மிகப் பழைய விளையாட்டு. அதற்குப் பந்து வேண்டா, மட்டை வேண்டா, பெரும்பொருள் செலவிட்டு அமைத்த களமும் வேண்டா. இரண்டு கால்களும் சிறிது திறந்த வெளியும் இருந்தால் போதும். ஆதலால், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி, நகரத்தார் நாட்டுப்புறத்தார் என்ற பாகுபாடின்றி, அனைவரும் அதில் ஈடுபடலாம். எனினும், எளிதாகத் தோன்றும் இவ்விளையாட்டிலும் ஓர் இடையூறு உண்டு. ஓடப் பழகுவோருள் பலர், முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் தோன்றும் வலியால் துன்புறுகின்றனர். அவ்வலியைப் பொருட்படுத்தாது மேலும் மேலும் ஓடுவோர் சிலர். அதற்கு அஞ்சி ஓட்டத்தையே கைவிடுவோர் வேறு சிலர். இவ்விரு திறத்தாரும் தவறு செய்பவரே ஆவர். எந்த வலி பொறுத்துக்கொள்ளத் தக்கது, எந்த வலி நம்மை நிற்கச் சொல்வது என்பதைப் பகுத்துணர்தலே ஓடுவோர் கற்க வேண்டிய முதற்பாடம்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை அடுத்து, காலாப்பட்டுக்கு அருகில் பிள்ளைச்சாவடி என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. கடல் அரிப்பினால் அங்குள்ள மணற்பரப்பு குறுகியிருப்பினும், அலையோரத்தில் ஓடி விளையாடும் சிறுவர்களின் மகிழ்ச்சி குறையவில்லை. அவ்வூரில் ஒரு மாணவன் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடுவதற்குப் பழகுவதாக எண்ணிக்கொள்வோம். விழாவிற்கு ஆறு வாரங்களே உள்ளன. இதற்குமுன் தொடர்ந்து ஓடிப் பழகாத அவன், ஒருநாள் விடியற்காலையில் வெறுங்காலுடன் மணலில் நான்கு கிலோமீட்டர் ஓடிவிடுகின்றான். அன்று அவனுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் பாயைவிட்டு எழுந்தபொழுதோ, காலை ஊன்ற இயலாது தடுமாறுகின்றான். பாட்டி, “சுளுக்குத்தான், எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவிவிடுகிறேன், வா” என்கின்றார். தோழன், “இன்னும் வேகமாக ஓடு, வலி தானே போய்விடும்” என்கின்றான். தாயார், “இனி ஓடவே வேண்டா” என்கின்றார். மூவரும் அவன்பால் அன்புடையவர்களே. ஆயின், யார் சொல்வதை அவன் கேட்பது? இதற்கு விடை காண வேண்டுமாயின், முதலில் அக்காலின் அமைப்பை அறிதல் வேண்டும்.

காலின் பின்புறத்தில் திரண்டு விளங்கும் சதை, நடுவில் பருத்தும் இருமுனையிலும் ஒடுங்கியும் கெண்டை மீனைப் போலத் தோன்றுகின்றது. ஆதலின் அதனைக் கெண்டை என்றும், அவ்வுறுப்பைக் கெண்டைக்கால் என்றும் நம் முன்னோர் வழங்கினர். புறத்தே ஒன்றாகத் தோன்றும் இச்சதையில் சிறப்பாக இரண்டு தசைகள் உள்ளன. மேலே இருப்பது தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு கிளைகளாகத் தொடங்குவது. அதன் அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளில் தொடங்கும் தட்டையான தசை. இவ்விரண்டும் கீழே செல்லச் செல்ல ஒடுங்கி, ஒரே தசைநாணாகக் கூடிக் குதிகால் எலும்பில் சென்று பற்றுகின்றன. நம் உடலிலுள்ள தசைநாண்களுள் மிகத் தடித்ததும் மிக வலியதும் இதுவே. குதிகாலைத் தவிர வேறெங்கும் காயப்படுத்த இயலாத அக்கிலீஸ் என்னும் வீரனைப் பற்றிய கிரேக்கப் பழங்கதையை ஒட்டி, மேனாட்டு மருத்துவர் இதற்கு அவன் பெயரையே இட்டனர்.

மேல்தசை, முழங்கால் கணுக்கால் ஆகிய இரண்டு மூட்டுகளையும் கடந்து செல்கின்றது. கீழ்த்தசையோ கணுக்காலை மட்டுமே கடக்கின்றது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் கொள்ளல் நலம். முழங்காலை நீட்டிக்கொண்டு கணுக்காலை மடக்கினால் மேல்தசை நன்கு இழுபடும். முழங்காலைச் சிறிது மடக்கிக்கொண்டால் கீழ்த்தசையே மிகுதியாக இழுபடும். ஆகவே, இரண்டு தசைகளுக்கும் பயிற்சி தர விரும்புவோர் இவ்விரு நிலைகளிலும் பழக வேண்டும்.

இத்தசைகள் செய்யும் வேலை வியக்கத்தக்கது. நாம் ஓடும்பொழுது ஒவ்வோர் அடியிலும் உடல் முழுவதையும் முன்னோக்கி உந்துவதில் இவற்றின் பங்கு பெரிது. அப்பொழுது குதிகால் தசைநாண், உடல் எடையைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இழுவிசையைத் தாங்குகின்றது என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். நாற்பது கிலோ எடையுள்ள சிறுவன் ஒருவன் ஓடினால், அடிதோறும் 240 கிலோ எடையைத் தொங்கவிட்டாற் போன்ற பாரம் அத்தசைநாணின்மேல் விழுகின்றது. அவன் ஓரடிக்கு ஒரு மீட்டர் செல்வதாகக் கொண்டால், ஒரு கிலோமீட்டரில் ஒவ்வொரு காலும் 500 முறை இப்பாரத்தை ஏற்க வேண்டும்; நான்கு கிலோமீட்டரில் 2000 முறை ஏற்க வேண்டும். இதுவன்றியும், காலிலுள்ள குருதியை மேலே இதயத்திற்குச் செலுத்தவும் கெண்டைத் தசைகளே துணைபுரிகின்றன. அவை சுருங்குந்தோறும் குருதிக்குழாய்கள் அழுத்தப்பட்டுக் குருதி மேலேறுகின்றது. இதனாலேயே கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்றும் கூறுவர்.

இனி, மணலின் தன்மையைக் காண்போம். கட்டாந்தரை காலுக்கு எதிர்விசை தருகின்றது. உலர்ந்த மணலோ காலின்கீழ் சரிந்து, உந்தும் விசையில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றது. பெல்ஜிய நாட்டு அறிஞர் சிலர் 1998-ஆம் ஆண்டில் இதனை அளந்து, கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகின்றது எனக் கண்டனர். மணலில் குதிகால் புதைவதால், கெண்டைத் தசை வழக்கத்தினும் மிகுதியாக இழுபட்டு உழைக்க நேர்கின்றது. மேலும், கடற்கரை சமதளமன்று. அது கடலை நோக்கிச் சரிந்திருப்பது. பிள்ளைச்சாவடியில் வடக்கு நோக்கி ஓடுவோனுக்குக் கடல் வலப்புறம் இருக்கும். ஆதலின் அவனது வலக்கால் தாழ்ந்தும் இடக்கால் உயர்ந்தும் விழும். வந்த வழியே திரும்பி ஓடினால் இந்நிலை மாறிச் சமனாகும். மணல்வழியே சென்று சாலைவழியே திரும்புவோனுக்கோ இரு கால்களின் வேலை ஒத்திராது. மணலில் ஓடுதல் தீதன்று. பழகாத கால் முதல்நாளே நெடுந்தொலைவு ஓடுதலே தீது.

வெறுங்காலுடன் ஓடுதலும் இத்தகையதே. காலணி அணிந்தோர் பெரும்பாலும் குதிகாலை முதலில் ஊன்றுகின்றனர். வெறுங்காலுடன் ஓடப் பழகியோருள் பலர் பாதத்தின் முன்பகுதியை முதலில் ஊன்றுகின்றனர் என்பதை, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லீபர்மனும் அவர் துணைவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர். முன்பாதத்தை ஊன்றுமிடத்துக் கெண்டைத் தசையின் வேலை மிகுகின்றது. ஆகவே, காலணியுடன் ஓடிப் பழகிய ஒருவர் திடீரென அதனைக் களைந்துவிட்டு ஓடினால், மறுநாள் கெண்டைக்கால் நோதல் இயல்பேயாகும்.

நம் மாணவனுக்கு வந்த வலி இவ்வகையைச் சார்ந்தது. பழகாத வேலையைச் செய்த தசைகளில் அன்றே வலி தோன்றுவதில்லை. பன்னிரண்டு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரம் கழித்து அது தொடங்கும். இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ மிகும். ஒரு வாரத்திற்குள் பெரும்பாலும் தானே நீங்கும். பொதுவாக இரண்டு கால்களிலும் ஒத்து வருவதும், ஓரிடத்தில் குத்தாமல் சதை முழுதும் பரந்து நிற்பதும் இவ்வலியின் அடையாளங்கள். உழைப்பினால் தசையில் தேங்கும் ஒருவகை அமிலமே இதற்குக் காரணம் என நெடுங்காலம் பலர் நம்பினர். அவ்வமிலப் பொருள் ஓட்டம் முடிந்த ஓரிரு மணி நேரத்திற்குள் நீங்கிவிடுவதால், மறுநாள் வரும் வலிக்கு அது காரணமாதல் இயலாது. அமெரிக்க அறிஞர் தியோடர் ஹஃப் என்பார் 1902-ஆம் ஆண்டிலேயே, தசை இழைகளில் உண்டாகும் மிக நுண்ணிய சிதைவே இதன் காரணமாகலாம் எனக் கூறினார். பின்வந்த ஆய்வுகள் அக்கருத்துக்கே அரண் செய்தன. சிதைந்த இழைகளை உடல் செப்பனிடுகின்றது. அதன்பின் தசை முன்னினும் உரம் பெறுகின்றது. ஆகவே இவ்வலிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. மெல்ல நடத்தல், நன்றாக உறங்குதல், வேளை தவறாது உண்ணுதல் ஆகியவையே இதற்கு மருந்து. எண்ணெய் இட்டு மென்மையாக நீவுதல் சிறிது இதம் தரும்.

இரண்டாவது வகை, கெண்டை புரட்டுதல். ஓடிக்கொண்டிருக்கும்பொழுதோ, இரவில் உறங்கும்பொழுதோ, சதை திடீரெனக் கல்லைப்போல் இறுகி ஓரிடத்தில் திரண்டு நிற்கும். வலி பொறுக்க இயலாததாக இருப்பினும் சில நிமிடங்களில் அது நீங்கிவிடும். அப்பொழுது தரையில் அமர்ந்து, முழங்காலை நீட்டி, கால்விரல்களைக் கையால் பற்றித் தன்னை நோக்கி மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். இறுகிய தசை சிறிது சிறிதாகத் தளர்ந்துவிடும். வியர்வையில் நீரும் உப்பும் கழிவதே இதற்குக் காரணம் என்பது பழைய கொள்கை. களைத்த தசையை ஆளும் நரம்புகளின் ஒழுங்கு கெடுதலே முதன்மையான காரணம் எனத் தென்னாப்பிரிக்க மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் முதலானோர் 1997-இல் எடுத்துரைத்தனர். இவற்றுள் எது எவ்வளவு உண்மையாயினும், வெயில் மிகுந்த நம் கடற்கரை நாட்டில் ஓடுவோர் நீர் அருந்துதலை மறத்தலாகாது. உப்பிட்ட மோரும் நீராகாரமும் ஏற்றவை. வேட்கையில்லாதபொழுது அளவின்றி வெறுநீரைப் பருகுதல் குருதியிலுள்ள உப்பின் செறிவைக் குறைத்துத் தீங்கு விளைக்கும் என்பதும் அறியத்தக்கது.

மூன்றாவது வகை, தசை கிழிதல். இது மறுநாள் வருவதன்று. ஓடும் அந்நொடியிலேயே வருவது. பின்னால் யாரோ கல்லால் எறிந்தாற்போலவோ தடியால் அடித்தாற்போலவோ தோன்றும். திரும்பிப் பார்த்தால் அங்கு ஒருவரும் இரார். வலி ஒரு காலில், ஓரிடத்தில் இருக்கும். சில மணி நேரத்திலோ மறுநாளிலோ அவ்விடம் வீங்கிக் கருநீலமாகக் கன்றுதலும் உண்டு. இவ்வாறு நேர்ந்தால் உடனே நின்றுவிடுதல் வேண்டும். இன்னும் நூறு அடிதானே என்று எண்ணி ஓடுதல் கூடாது. சிறு கிழிசல் ஆறுவதற்கு ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகலாம். பெரிதாயின் மாதங்கள் செல்லும். பாட்டியின் அழுத்தமான நீவலை இங்கேதான் அன்புடன் மறுத்தல் வேண்டும். கிழிந்த தசையை அழுத்தித் தேய்த்தால் உள்ளே குருதிக் கசிவு மிகும். குதிகால் தசைநாணே அறுந்துவிட்டால், அவ்வொரு காலால் நுனிவிரலூன்றி நிற்க இயலாது. அந்நிலையில் நாள் கடத்தாது மருத்துவரை நாடுதல் இன்றியமையாதது.

நான்காவது வகை, வலி கெண்டையில் இருப்பதாகத் தோன்றினும் உண்மையில் எலும்பில் இருப்பது. ஓய்வின்றி நெடுநாள் ஓடுவோரின் காலெலும்பில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுவதுண்டு. விரல்நுனியால் எலும்பை அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக வலிக்கும். ஓட ஓட வலி வளரும். நாளடைவில் படுத்திருக்கும்பொழுதும் நோகும். இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. எத்தியோப்பிய நாட்டு வீரர் அபேபே பிகிலா, 1960-இல் ரோம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். 1964-இல் டோக்கியோவில், குடல்வால் அறுவை நிகழ்ந்து ஆறு வாரங்களுக்குள், காலணியுடன் ஓடி மீண்டும் வென்றார். மாரத்தானில் இருமுறை தொடர்ந்து வென்றவர் அதற்குமுன் ஒருவரும் இலர். ஆயினும், 1968-இல் மெக்சிகோ நகரில் காலெலும்பின் விரிசலுடன் ஓடத் தொடங்கிய அவர், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சென்றதும் நின்றுவிட்டார். அவர் நாட்டினரான மாமோ வோல்டே அன்று வெற்றி பெற்றார். உரத்திலும் உள்ளத்திட்பத்திலும் பிகிலாவை விஞ்சியவர் அரியர். அத்தகையவரும் எலும்பின் வலியை மனவலியால் வெல்ல இயலவில்லை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று அவர் நின்றது கோழைமை அன்று.

வளரும் பருவத்தினர்க்கு மற்றொன்றும் கூறவேண்டும். எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர்க்குக் குதிகால் எலும்பில், தசைநாண் பற்றும் இடத்தருகே, இன்னும் முற்றாத வளர்பகுதி ஒன்று உண்டு. கெண்டைத் தசை அதனை ஓயாது இழுப்பதால் குதிகாலின் பின்புறம் நோகும். அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் வாரன் செவர் 1912-இல் இதனை விளக்கி எழுதினார். எலும்பு முற்றியதும் இது தானே மறைந்துவிடும். அதுகாறும் ஓட்டத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுதல் போதும்.

இவையன்றி, ஒரு கால் மட்டும் காரணமின்றி வீங்கிச் சூடேறிச் சிவந்து நோகுமாயின், அது குருதி உறைதலின் அறிகுறியாகலாம். அதனைத் தசைவலி என்றெண்ணி வாளாவிருத்தல் உயிருக்கே இடராக முடியும். அக்காலை நீவுதலும் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

தசை கிழிந்தார்க்கு முதலில் செய்ய வேண்டுவது யாது? ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கினையும் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் ஒருங்கு தொகுத்துக் கூறினார். உலகெங்கும் விளையாட்டு ஆசிரியர்கள் அதனைப் பின்பற்றினர். பல ஆண்டுகள் கழித்து, பனிக்கட்டி வலியைத் தணிக்குமேயன்றிக் காயம் ஆறுதலைத் தாமதப்படுத்தவும் கூடும் எனக் கண்டு, அம்மருத்துவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தாம் முன்பு சொன்னதைத் தாமே மறுத்தல் அறிஞர்க்கு இழுக்கன்று. அதுவே அறிவியலின் அறம். முதல் ஓரிரு நாட்கள் காலுக்கு ஓய்வளித்து, துணியால் அளவாகக் கட்டி, உயர்த்தி வைத்து, பின்னர் வலி மிகாத அளவில் மெல்ல இயக்குதலே நன்று என்பது இக்காலத்தார் கொள்கை. வலி தெரியாதிருக்க மாத்திரை உண்டு ஓடுதல், நெருப்புப் பற்றிய வீட்டில் எச்சரிக்கை மணியை நிறுத்துவதை ஒக்கும்.

ஆறிய காலை மீண்டும் வலுப்படுத்தப் பயிற்சியே வழி. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹாக்கன் ஆல்பிரட்சன் என்பார் குதிகால் தசைநாண் வலியால் நெடுநாள் வருந்தினார். அறுவை செய்யுமாறு தம் மேலதிகாரியை வேண்டினார், அவர் இசையவில்லை. நாணே அறுந்துவிட்டால் அறுவை செய்துதானே தீரவேண்டும் என எண்ணி, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தாழ்த்தும் கடும்பயிற்சியை மேற்கொண்டார். நாண் அறவில்லை, நோயே நீங்கிற்று என்று சொல்லப்படுகின்றது. பின்னர் அவர் பதினைந்து ஓட்டப் பயிற்சியாளர்க்கு, முழங்காலை நீட்டியும் மடக்கியும் நாளொன்றுக்கு 180 முறை, பன்னிரண்டு வாரம் அப்பயிற்சியை அளித்து, அவர்கள் மீண்டும் ஓடியதை 1998-இல் வெளியிட்டார். இது வளர்ந்தோரின் நாட்பட்ட நோய்க்குரிய முறை. மாணவர்க்கு இத்துணைக் கடுமை வேண்டா. சுவரைப் பற்றி நின்று குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துதல் போதும். முதலில் இரு காலாலும், வலுப்பெற்றபின் ஒரு காலாலும் செய்யலாம்.

இனி நம் மாணவனிடம் மீள்வோம். அவன் வலி இரு காலிலும் ஒத்திருக்கின்றது, மறுநாள் வந்தது, வீக்கமில்லை, எலும்பை அழுத்தினால் நோவில்லை. ஆகவே அஃது உழைப்பின் வலியே. மூன்று நாள் நடந்து திரிந்து, வலி தீர்ந்தபின், அலைநீர் பட்டு இறுகிய ஈரமணலில் அவன் மீண்டும் தொடங்கலாம். ஐந்து நிமிடம் நடை. பின் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறிமாறிச் செல்லுதல். ஒருநாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு என முறைவைத்துக்கொள்ளுதல். வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ? பிள்ளைச்சாவடிக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லின் செம்மண் பாதைகளில் 2008-இல் மாரத்தான் ஓட்டம் தொடங்கப்பெற்றது. அத்தகைய நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு உரியோர் ஆவதும் பல மாதப் பழக்கத்தினாலேயே கைகூடும்.

விழா நாளுக்குள் அவன் முற்றும் தேறலாம், தேறாமலும் போகலாம். தேறாவிடில் இவ்வாண்டுப் பரிசு ஒன்று கைநழுவும், அவ்வளவே. விழா அடுத்த ஆண்டும் வரும். கால்களோ ஒருமுறையே தரப்பட்டவை. வலி நம் பகைவனன்று. உடல் நமக்கு விடுக்கும் தூதுவனே அது. தூதுவன் சொல்வதைக் கேளாது துரத்துவோனும், அவனைக் கண்டவுடன் நாட்டைவிட்டு ஓடுவோனும் நல்லரசர் ஆகார். அமைதியாகக் கேட்டு, ஆராய்ந்து, தக்கது செய்வோனே தன் காலையும் காப்பான், நெடுந்தொலைவும் ஓடுவான்.